அவரவர் சுருட்டிக்கொள்ளும் சாப்பாடு

"பல்லரோவைச் சுத்திப் பாக்கப் போறியளோ அண்ணை? வெளிநாட்டுச் சனத்தோடை வரிசையிலை நிண்டோ?" என்று கேட்டுவிட்டுத் தங்கச்சி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்திவிடும் என்ற பயம் அவளுக்கு.

அவள் சிரிப்பதில் நியாயம் இருந்தது. பலெர்மோவில் பல்லரோ சந்தைக்குப் பக்கத்துத் தெருவில்தான் நான் இருபது வருடத்துக்குக் கிட்டக் குடியிருந்தேன். தனியாக இருந்த ஒரு வயதான இத்தாலிக்காரரின் வீட்டில் சமையல், துப்புரவு, மருந்து, கடைக்குப் போவது எல்லாம் என் வேலை. அவரைச் சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலமான பிறகு பிள்ளைகளின் படிப்பை யோசித்து லண்டனுக்குப் போய்விட்டோம். இப்போது அங்கே ஒரு பெரிய கடையின் பின்பக்கத்தில் சாமான் இறக்கி அடுக்குகிறேன். லீவு கிடைத்ததால் தங்கச்சியைப் பார்க்கத் தனியாக வந்திருந்தேன்.

"சந்தை மட்டுமில்லை. பிறகு சமையல் வகுப்பும் இருக்கெல்லே," என்றேன்.

"அதைத்தான் கேக்கிறன். இத்தாலிக்கு லீவிலை வந்து வியட்நாம் சமையல் பழகின யாழ்ப்பாணத்தான் எண்டு உங்களைத்தான் சொல்லுவினம்."

ஆனால் அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னதே அவள்தான். அவள் துப்புரவு செய்யும் கட்டடத்தில் ஒரு பெரிய குசினி இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு வியட்நாம் பெண் அதை வாடகைக்கு எடுத்து, பயணம் வந்தவர்களைக் காலையில் சந்தைக்குக் கூட்டிப்போய்ச் சாமான் வாங்கி, மத்தியானம் சமைக்கப் பழக்குகிறாளாம். தங்கச்சி அதை ஒரு வம்புக்கதையாகத்தான் சொன்னாள். "ஒரு இடம் கிடைக்குமோ எண்டு கேட்டுப்பார்," என்று சொன்னபோது நான் பகிடி விடுகிறேன் என்று அவள் நினைத்தாள்.

பகிடி இல்லை. என் மகள் லண்டனில் ஒரு வியட்நாம் குடும்பத்துப் பொடியனை விரும்புகிறாள். நல்ல பிள்ளை. எங்களுக்குச் சம்மதம்தான். இரண்டு குடும்பமும் முதல்முறை சந்திக்க ஒரு உணவகத்தில் மேசை பிடித்திருந்தார்கள். பொடியனின் தகப்பன் எனக்கு நேரே இருந்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருப்பவர். பெரிய கை, சின்னக் குரல். அவருடைய ஆங்கிலமும் என்னுடையது மாதிரி வேலைத்தலத்தோடு முடிந்துவிடும். அவர் சாப்பாட்டு அட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தண்ணீர் குடித்தார். நானும் குடித்தேன். தாய்மார் இரண்டு பேரும் பிள்ளைகளை இடையில் வைத்துக் கலகலவென்று கதைத்தார்கள். நாங்கள் இருவரும் தவறாக வந்து உட்கார்ந்த ஆட்கள் மாதிரி இருந்துவிட்டு எழும்பினோம்.

திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னாள். "அப்பா, நீங்கள் ஒரு சொல்லுக்கூடக் கதைக்கேல்லை. உங்கட அப்பாவுக்கு இது விருப்பமில்லையோ எண்டு அவரின்ரை அப்பா என்னட்டைக் கேட்டுப்போட்டார்."

எனக்கு விருப்பம். ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே நான்கு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாத ஆள் நான். நான் பலெர்மோவிலிருந்து திரும்பியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அன்றைக்கும் நான் வாய் திறக்காவிட்டால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும். அவர்களுடைய சாப்பாடு ஒன்றை என் கையால் செய்து அவர் முன்னால் வைத்தால் போதும், கதைக்கத் தேவையில்லை என்பது என் கணக்கு.

சனிக்கிழமை காலையில் சந்தையின் முகப்பில் போய் நின்றேன். ஒல்லாந்திலிருந்து வந்த நெடுவலான கணவனும் மனைவியும், தனியாக ஊர் சுற்றும் ஒரு ஜெர்மன் அம்மா, நான். அவ்வளவுதான் கூட்டம். ஆசிரியை என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்தவள். சிவப்பு மழைக்கோட்டு, கையில் சக்கரம் வைத்த சந்தைப் பை. மற்றவர்களோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். என்னோடு இத்தாலியில் தொடங்கினாள். அவளுடைய இத்தாலி பல்லரோ வியாபாரிகளுடையது மாதிரியே, சொல்லின் வாலை விழுங்கி, கையால் மீதியைச் சொல்லும் இத்தாலி.

"உங்கட தங்கச்சி சொன்னவா, நீங்கள் இஞ்சைத்தை ஆளாம். பிறகென்ன, இண்டைக்குப் பை இழுக்கிற வேலை உங்களுக்கு," என்று சொல்லிப் பையின் பிடியை என் கையில் தந்தாள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. கையில் ஒரு வேலை இருந்தால் நான் கொஞ்சம் மனிதனாக இருப்பேன்.

இத்தனை வருடம் அந்தச் சந்தையில் நடந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். வேலை செய்த காலத்தில் எனக்கு நாலு கடை தெரியும். தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு திரும்புவேன். சிஞ்ஞோரே காத்துக்கொண்டிருப்பார். இப்போது ஒருவரும் காத்திருக்கவில்லை. சிவப்புத் துணிக் கூரைகளுக்குக் கீழே வெளிச்சமே சிவப்பாக இருந்தது. தக்காளியை விற்கிறவன் கூவினால் பக்கத்தில் வெங்காயம் விற்கிறவன் அதே ராகத்தில் இன்னும் உயரத்துக்கு எடுத்தான். ஆசிரியை நின்று காட்டிய இடமெல்லாம் நானும் நின்றேன். தாமரை மொட்டு மாதிரி இருக்கும் கூனைப்பூக்களைக் குவித்திருந்த தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தேன்.

ஒரு வண்டிலில் கடலைமாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டெடுத்துப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பனெல்லே என்பார்கள். சிஞ்ஞோரேக்கு எத்தனையோ தரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். தெருவில் நின்று சாப்பிடக் கூச்சமாக இருக்கும் என்பதால் நான் அந்த இடத்தில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு எல்லோரும் நின்று சாப்பிட்டபோது நானும் கடித்தேன். உதடு சுட்டது. மேலே தேசிக்காய் பிழிந்திருந்தது. எங்கள் கடலைமாவு பஜ்ஜியின் ஒன்றுவிட்ட சகோதரம். இத்தனை வருடமும் இதை ஆறிய பிறகல்லவா தின்றேன் என்று நினைத்தேன்.

மீன் கடையில்தான் வந்தது வினை. சிஞ்ஞோரேக்கு நான் மீன் வாங்கிய கடை அது. நான் தொப்பியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு ஒல்லாந்துக்காரருக்குப் பின்னால் நின்றேன். அவர் நெடுவல் என்றாலும் ஒல்லி. மறைக்கவில்லை.

"ஏய், அமீக்கோ, சிநேகிதா," என்று மீன்காரன் கத்தியைத் தூக்கிக்கொண்டு கூவினான். "கிழவனுக்கு முள்ளில்லாத மீன் கேட்டு என்ரை உயிரை எடுத்தவன் நீயெல்லே? எங்கை போனனீ?"

"லண்டனுக்கு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"லண்டனுக்கோ? லண்டனுக்குப் போய், இப்ப ஊர் சுத்திப் பாக்கிற துரிஸ்தாவா வந்து, என்ரை மீனை வழிகாட்டி வைச்சுப் பாக்கிறாய்?" அவன் பக்கத்துக் கடைக்காரனைத் திரும்பிப் பார்த்து, "டேய், இஞ்சை பார், எங்கட தமிழன் துரிஸ்தா ஆகிப்போனான். அவனைப் படம் எடு," என்றான். பக்கத்துக் கடைக்காரன் உண்மையாகவே தொலைபேசியை எடுத்தான். அந்த வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜெர்மன் அம்மா கை தட்டினார்.

வேறொரு நாளென்றால் ஓடியிருப்பேன். கையில் பை இருந்ததால் நின்றேன். அதோடு, சொல்லவேண்டும், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. என்னை இவ்வளவு தூரம் நினைவில் வைத்திருப்பான் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஆசிரியை அந்தச் சத்தத்துக்குள்ளேயே இறாலுக்கு விலை பேசி முடித்துவிட்டாள். மீன்காரன் மேலும் ஒரு கை அள்ளிப் போட்டான். "இது துரிஸ்தாவுக்கு," என்றான்.

பிறகு ஒரு வங்காளதேசக்காரர் கடையில் அரிசித் தாளும் கொத்தமல்லி இலையும் மீன் சோஸும் வாங்கினோம். அரிசித் தாள் அப்பளம் மாதிரி வட்டம், ஆனால் மெல்லிசு. கண்ணாடித் தாள் மாதிரி மறுபக்கம் தெரியும். கடைசியாக ஆசிரியை பழக்கடையில் நின்று சின்னத் தோடம்பழங்களை மூக்கில் வைத்து முகர்ந்தாள். நகரத்துக்கு ஓரத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் விளைகிற, பருவம் பிந்திப் பழுக்கும் மந்தரீனோ ஆரஞ்சு. பலெர்மோவுக்கு வந்த முதல் வருடம் அந்தத் தோட்டங்களில்தான் நானும் பழம் பிடுங்கினேன்.

"எங்கட ஊரிலை சோஸுக்கு ஒரு குட்டிப் புளிப்புத் தோடை போடுவம். அது இஞ்சை இல்லை. தேசிக்காய் மட்டும் போட்டால் முறைக்கும். இதிலை பாதி, தேசிக்காயிலை பாதி. அப்பத்தான் சிரிக்கும்," என்றாள்.

குசினி மூன்றாம் மாடியில். சன்னலைத் திறந்தால் சந்தைக் கூவல் மேலே ஏறி வந்தது. மீன் சோஸ் போத்தலைத் திறந்ததும் ஒல்லாந்துக்காரர் ஒரு அடி பின்னுக்குப் போனார். எனக்குக் கருவாட்டுச் சட்டி திறந்த மாதிரி வாயூறியது. சீனி, வெந்நீர், பூண்டு, மிளகாய், தேசிக்காய், மந்தரீனோ எல்லாம் சேர்த்துக் கலக்கினோம். ருசி பார்க்க ஆளுக்கொரு கரண்டி தந்தாள். நான் யோசிக்காமல் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கினேன். வீட்டில் கறிக்கு உப்புப் பார்க்கிற பழக்கம் அப்படியே வந்துவிட்டது. கரண்டியை வாயில் வைத்தால் எச்சில் ஆகிவிடுமே. நிமிர்ந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ன?" என்று ஜெர்மன் அம்மா கேட்டார்.

"கரண்டி சுத்தமா இருக்கும்," என்றேன். அதற்குமேல் விளக்க ஆங்கிலம் இல்லை. அவர் தன் உள்ளங்கையை நீட்டினார். நான் ஒரு சொட்டு விட்டேன். பிறகு ஒல்லாந்து மனைவி நீட்டினார். கடைசியில் எல்லோரும் கோயிலில் தீர்த்தம் வாங்குவது மாதிரி வரிசையில் கை நீட்டி வாங்கி நக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் சீனி," என்றார் ஒல்லாந்துக்காரர். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

அடுத்தது சுருட்டுவது. அரிசித் தாளை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுக்கவேண்டும். ஊறவிடக்கூடாது. அதில் லெட்டூஸ் என்கிற சலாது இலை, புதினா, கொத்தமல்லி, இடியப்பம் மாதிரியான அரிசி நூடில்ஸ், அவித்த இறால் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து இறுக்கிச் சுருட்டவேண்டும். முதலாவது கிழிந்தது. இரண்டாவது தடித்துவிட்டது. மூன்றாவது கிழியாமல் நின்றது. அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. மற்றவர்கள் சன்னலோரம் நின்று கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இருந்த இறாலில் பெரும்பங்கையும் சுருட்டித் தட்டில் அடுக்கி, மேசையில் எல்லோருக்கும் சாப்பாட்டுத் தட்டு வைத்து, பரிமாறிவிட்டு, கதிரைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். வந்த சனம் முதலில் சாப்பிடவேண்டும். வீட்டு ஆள் பிறகு. எங்கள் வீடுகளில் அப்படித்தான். சிஞ்ஞோரே வீட்டிலும் அப்படித்தான்.

எல்லோரும் இருந்து சாப்பிட்டார்கள். நல்லாக இருக்கிறது என்றார்கள். தோய்த்தார்கள், கடித்தார்கள், முடிந்துவிட்டது. பிறகு மேசையில் ஒரு சத்தமும் இல்லை. ஒல்லாந்துக்காரர் தண்ணீர் குடித்தார். ஜெர்மன் அம்மா சுவரைப் பார்த்தார்.

எனக்கு அந்த அமைதியைத் தெரியும். லண்டன் உணவகத்து மேசை.

கை கழுவப் போயிருந்த ஆசிரியை திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆர் இவ்வளவையும் சுருட்டினது?"

"நான்."

"நல்ல சுருட்டு. கடை வைக்கலாம்," என்றாள். "ஆனால் இது கடையில்லை, சிஞ்ஞோரே. வீட்டிலை இதை ஒருத்தரும் சுருட்டிக் குடுக்கிறேல்லை. அவரவர் சுருட்டினால் பின்னேரம் வரைக்கும் இழுக்கிற சாப்பாடு. நீங்கள் கோப்பி குடிக்கிற நேரத்திலை முடிச்சுப்போட்டீங்கள். இருங்கோ."

"பரவாயில்லை, நான் நிக்கிறன்."

"நிண்டு இதைச் சாப்பிடேலாது. இருங்கோ எண்டு சொல்லுறன்."

இருந்தேன். அவள் மேசை நடுவில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்தாள். மீதி இறால், இலைகள், தாள் எல்லாவற்றையும் சுற்றிப் பரப்பினாள். "தொடங்குங்கோ," என்றாள். உடனே மேசைக்கு உயிர் வந்தது. ஒல்லாந்துக்காரரின் தாள் விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி அதை உரித்துவிட்டார். கொத்தமல்லி எனக்கு, புதினா உனக்கு என்று கைகள் குறுக்கும் மறுக்கும் போயின. ஜெர்மன் அம்மாவின் சுருட்டு கடிக்கும்போது கீழால் கொட்டியது. அவர் சிரித்த சிரிப்பில் எல்லோரும் சிரித்தோம்.

"நீங்கள் ஏன் இந்த வகுப்புக்கு வந்தீங்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் தாளை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மகள், பொடியன், உணவகம், தகப்பன், வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம். பாதி இத்தாலி, பாதி ஆங்கிலம். சொல்லி முடித்த பிறகுதான் இவ்வளவு நேரம் கதைத்தது நானா என்று திடுக்கிட்டேன். கண் தாளில் இருந்ததால் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவேண்டி வரவில்லை.

ஆசிரியை மேசையைத் தட்டினாள். "தகப்பனோ? அப்ப நல்லாக் கேளுங்கோ. எல்லாத்தையும் சுருட்டி அடுக்கிப்போட்டு அந்த மனிசனுக்குப் பின்னாலை போய் நிக்காதேங்கோ. தாளையும் தண்ணியையும் வைச்சுப்போட்டு முன்னாலை இருங்கோ."

அரிசித் தாளோடும் ஒரு பை மந்தரீனோவோடும் லண்டனுக்குத் திரும்பினேன். தங்கச்சி வழியனுப்பும்போது, "சம்பந்தி என்ன சொன்னவர் எண்டு எனக்குத்தான் முதல் ஃபோன் எடுக்கவேணும்," என்றாள்.

என் திட்டத்தை மனைவிக்குச் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"சம்பந்தி வீட்டு ஆக்கள் முதல் முதல் வீட்டுக்கு வருகினம். பச்சை இலையையும் சுடுதண்ணியையும் வைச்சு, நீங்களே செய்து சாப்பிடுங்கோ எண்டு சொல்லுறதோ? என்ன மரியாதை இது?"

"அவையின்ரை சாப்பாடு அது."

"அது அவையின்ரை வீட்டிலை. இது எங்கட வீடு. விருந்துக்கு வந்த சனத்தை வேலை செய்ய விடுறது எந்த ஊர்ப் பழக்கம்?"

அவள் சொன்னது தவறில்லை. பலெர்மோவுக்குப் போகமுதல் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கடைசியில் அவள் புட்டும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கத்தரிக்காய்க் குழம்பும் வைப்பது, நான் என் இலைகளை வைப்பது என்று முடிவாயிற்று. "உங்கட இலையை அவர் தொடாட்டி, என்ரை புட்டு இருக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பொடியனின் தாய் என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தகப்பன் எனக்குக் கை தந்தார். கதிரையில் இருந்தார். மேசையைப் பார்த்தார். தாளை, கிண்ணத்தை, இலைகளை, சோஸை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் என்னையறியாமல் எழும்பி அவருடைய கதிரைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். மகள் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். ஆசிரியையின் குரல் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து அவருக்கு எதிரே இருந்தேன்.

முதல் தாளை முக்கினேன். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. ஊறிக் கிழிந்து சவ்வாகத் தொங்கியது. பலெர்மோவில் பழகியதெல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். ஒரு புதுத் தாளை எடுத்தார், முக்கியும் முக்காமலும் என் தட்டில் விரித்து, கிழிந்ததை அதன்மேல் தூக்கி வைத்தார். இரண்டும் ஒட்டி ஒன்றாயிற்று. "இப்பிடி," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தனக்கு ஒன்று செய்தார். அந்தப் பெரிய கையில் அது சின்ன விரல் அளவுக்கு இறுக்கமாக வந்தது. சோஸில் தோய்த்துக் கடித்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். மறுபடியும் தோய்த்தார்.

"என்ன புளி?" என்று என்னைத்தான் கேட்டார். மகனைக் கேட்கவில்லை.

எழும்பிப் போய் ஒரு மந்தரீனோ கொண்டுவந்து கையில் கொடுத்தேன். தோலை நகத்தால் கீறி முகர்ந்தார். "எங்கை?"

"பலெர்மோ. நான் முந்தி இதைப் பிடுங்கினனான். ஏணியிலை ஏறி."

"நானும்," என்றார். தன் நெஞ்சைத் தொட்டார். "சின்னப் பொடியன். வீட்டிலை மரம். முள்ளு." முன்கையில் ஒரு பழைய கீறலைக் காட்டினார். நான் என் சட்டைக் கையைச் சுருட்டி என்னுடையதைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் நிறையக் கதைத்தோம் என்று சொல்லமாட்டேன். தாள், தண்ணீர், இலை, இறால். இடையில் ஒரு சொல், பிறகு ஒரு சொல். ஏணி உயரமா? உயரம். விழுந்தீரா? விழுந்தேன். அவர் சிரித்தார். சிரித்தால் குரல் பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாய்மார் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. புட்டையும் ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை முக்கினார். அதில் புதினா வைத்தார். ஒரு கரண்டி புட்டு வைத்தார். இரண்டு துண்டு ஆட்டிறைச்சி வைத்தார். இரண்டு பக்கமும் மடித்து இறுக்கிச் சுருட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தோய்த்துக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. இன்னொன்று சுருட்டி எழும்பி, என் மனைவியின் தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக் கடித்தாள்.

"என்னப்பா," என்றாள் என்னிடம், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "இன்னும் தாள் இருக்கோ?"